முழுக்கைச் சட்டை கேட்ட பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கண்டாவளைப் பக்கத்தில் வீட்டு விறாந்தையில் தையல் மெசின் போட்டு உழைக்கிற பெண். பேப்பர் வாங்கினால் முதலில் வாசிப்பேன், பிறகு சட்டைக்கு அளவு வெட்ட எடுத்து வைப்பேன். போன மாதம் அப்படி ஒரு பழைய தாளை விரித்துக் கழுத்து வளைவு கீறும்போதுதான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. பதினேழு வயதுப் பெண் பிள்ளைகள் இருவர் வீட்டை விட்டுப் புறப்பட்டு பஸ் நிலையத்தில் பிடிபட்டார்களாம். 'தகாத உறவு' என்று தலைப்பு. ஊர்ப்பெயர் இருந்தது. எந்தப் பாடசாலை என்று அயலட்டைக்கு விளங்கும்படியும் எழுதியிருந்தது. அது எந்தப் பத்திரிகை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கு வேலை ஓடவில்லை, இரவு நித்திரையும் வரவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி, பெண்ணையே விரும்புகிற ஒரு பிள்ளை இருக்கிறாள்.

அவள் என் அக்காவின் மகள். அக்காவையும் அத்தானையும் 2009இல் கடைசிச் சண்டையில் மாத்தளனில் பறிகொடுத்தோம். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது. செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் வெக்கை தாங்காமல் அவள் அழுதபோது மடியில் போட்டு விசிறினது நான்தான். மீள்குடியேறி வந்து தறப்பாளின் கீழ் இருந்தபோதும், வீட்டுத்திட்டத்தில் இரண்டறை வீடு கிடைத்தபோதும் அவள் என்னோடுதான். எனக்கு இரண்டு பெடியன்கள் உண்டு. பெண் பிள்ளை என்றால் அவள் ஒருத்திதான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, வளர்ப்புச் சரியில்லை என்று ஒரு சனமும் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. பிறகு நடந்த எல்லாப் பிழைக்கும் அந்தப் பயம்தான் வேர்.

2022 மார்கழி. அவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ரியூசனுக்கு ஒரு சிநேகிதியோடுதான் போவாள். சைக்கிளில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்போது ஒருத்தியின் கை மற்றவளின் ஹாண்டிலில் இருக்கும். எத்தனையோ நாள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஒருநாள் பாடசாலையில் இருந்து கூப்பிட்டார்கள். அங்கே பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லவென்று ஒரு ஆசிரியை இருந்தார். என் பெறாமகள் தனக்குள் நடப்பது என்னவென்று விளங்காமல் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். 'ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்' என்று அவரும் வாக்குக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் அதிபரின் அறையில் நான் இருந்தேன், வகுப்பாசிரியை இருந்தார், கதவு திறந்தபடி கிடந்தது, வெளியே பிள்ளைகள் நின்றார்கள். 'இது சட்டப்படி குற்றம் அம்மா, பொலிசுக்குப் போனால் பிள்ளையின் வாழ்க்கை அவ்வளவுதான்' என்று அந்த ஆசிரியை சொன்னார். என் பெறாமகள் நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். அந்த அறையில் அவளுக்காக ஒரு சொல் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு ஒரு மாதம் நாங்கள் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். போனைப் பறித்தேன். ரியூசனை நிற்பாட்டினேன். சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டேன். சாத்திரியிடம் குறிப்புக் காட்டினோம், தோசம் என்றார். தோசம் போக்குகிற சடங்கென்று ஒருவரைக் கொண்டு கழிப்புக் கழித்து நூல் கட்டினோம். அந்த ஆள் வேப்பிலையால் அடித்தபோது அவள் அசையவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் போதாதென்று அந்தச் சிநேகிதியின் வீட்டுக்கும் போனேன். 'உங்கட பிள்ளையை அடக்கி வையுங்கோ' என்று முற்றத்தில் நின்று கத்தினேன். அடுத்த கிழமையே அந்தப் பிள்ளையை வவுனியாவில் ஒரு மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினெட்டு முடிந்த கையோடு கலியாணம் பேசுகிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளையின் தாய் இப்போது என்னைக் கண்டால் பாதை மாறிப் போகிறார். அவரில் எனக்குக் கோபம் இல்லை.

தைப்பொங்கல் கிட்ட வந்தது. எல்லாம் அடங்கிவிட்டது, பிள்ளை திருந்திவிட்டாள் என்று நினைத்தேன். கதை பேச்சு இல்லை, சாப்பாடு குறைவு, மற்றும்படி சொன்ன சொல் கேட்கிறாள். பொங்கலுக்கு ஒரு சட்டை தைப்போம் என்று கூப்பிட்டு அளவெடுத்தேன். தோளில் ரேப்பை வைத்து முழங்கை வரை இழுத்து, "அரைக்கையோ, முக்காற்கையோ?" என்று கேட்டேன்.

"முழுக்கை வையுங்கோ சித்தி. மணிக்கட்டு மூட வேணும்."

மழைக் குளிருக்குக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். மணிக்கட்டின் சுற்றளவு எடுக்க ரேப்பைச் சுற்றினேன். கையைச் சடக்கென்று இழுத்துக்கொண்டாள். இருபத்தைந்து வருடமாக அளவெடுக்கிறேன். கூச்சத்தில் இழுக்கிற கை வேறு, நோவில் இழுக்கிற கை வேறு. சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தேன். பார்த்ததை நான் எழுத மாட்டேன். இதை வாசிக்கிறவர்களில் பிள்ளைகளும் இருப்பார்கள்.

"என்னடி இது?" என்று என் கை ஓங்கிவிட்டது. அவள் விலகவில்லை. "சாகிறதுக்கு இல்லை சித்தி. உள்ளுக்க இருக்கிறதைத் தாங்கேலாமல்தான்" என்றாள். குரலே எழும்பவில்லை. ஓங்கின கை அப்படியே நின்றது. திண்ணையில் இருந்த என் அம்மா, அவளுக்கு அம்மம்மா, எழும்பி வந்து பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கழிப்புக் கழிக்க வேண்டும் என்று முதல் சொன்னவரும் அவர்தான். அன்றைக்கு அவர் சொன்னது வேறு. "இவள் ஆரையும் கொல்லேல்லை, களவெடுக்கேல்லை. ஒரு பிள்ளையில இவளுக்கு விருப்பம் வந்திட்டுது. அதுக்கு ஏன் ஒரு மாசமா வீடு செத்தவீடு மாதிரிக் கிடக்குது?"

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நான் பயந்தேன். தன்னைத் தானே காயப்படுத்தினால் பொலிசுக்கு அறிவிப்பார்கள், வழக்கு வரும் என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் கதைப்பார்கள். அது பழைய கதை. உயிரை மாய்க்க முயல்வது குற்றம் என்றிருந்த சட்டத்தை 1998இலேயே எடுத்துவிட்டார்கள். இது தெரியாமல் எத்தனை வீட்டில் பிள்ளையை அறைக்குள் வைத்து மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறார்களோ. நாங்கள் ஓட்டோ பிடித்துக் கிளிநொச்சிக்குப் போனோம். மனநலப் பிரிவில் இருந்த இளம் டொக்டர் முதலில் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையோடு தனியாகக் கதைத்தார். முக்கால் மணித்தியாலம் இருக்கும். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வியே என்னைத் திடுக்கிட வைத்தது. "அம்மா, உங்கட வீட்டில வயல் மருந்தை எங்க வைக்கிறனீங்கள்?"

என் மனுசன் காலபோக நெல்லுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து அடுப்படி மூலையில்தான் கிடந்தது. எங்கள் பக்கம் யார் வீட்டில்தான் அப்படிக் கிடக்கவில்லை? டொக்டர் விளக்கமாகச் சொன்னார். 1995 அளவில் இலங்கையில் லட்சம் பேரில் ஏறக்குறைய 47 பேர் தற்கொலையில் இறந்துகொண்டிருந்தார்கள். உலகத்திலேயே மிகக் கூடிய கணக்குகளில் அது ஒன்று. பிறகு கொடிய வயல் மருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்ய, அந்தக் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த வேளையில் கைக்கு எட்டாமல் இருந்தால் அந்த வேளை கடந்துபோகும், கடந்துபோனால் பிள்ளை இருப்பாள் என்றார். அன்றைக்குப் பின்னேரமே என் மனுசன் ஒரு இரும்புப் பெட்டி வாங்கி அதை உள்ளே வைத்துப் பூட்டி, வயல் கொட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டார். வீட்டில் இருக்கிற குளிசைகளையும் பூட்டி வைக்கச் சொன்னார்கள். திறப்பு என் தாலிக்கொடியில் இன்றைக்கும் தொங்குகிறது.

நான் பயந்து பயந்து கேட்டேன், இந்த 'நோயை' மாற்றலாமா என்று. டொக்டர் கோபப்படவில்லை. 1990 மே 17ஆம் திகதி உலக சுகாதார நிறுவனமே இதை நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது, இல்லாத நோய்க்கு நான் மருந்து தர முடியாது என்றார். பிள்ளைக்கு இப்போது இருக்கிற வருத்தம் வேறு, அது மனச்சோர்வு, அதற்கு வைத்தியம் இருக்கிறது என்றார். அப்படியானால் அந்த மனச்சோர்வு எங்கிருந்து வந்தது? அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கழிப்புக் கழித்ததைச் சொன்னேன், சிநேகிதி வீட்டுக்குப் போனதைச் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சொன்னவற்றில் இரண்டு என் மனதில் ஆணி அடித்தமாதிரி நிற்கின்றன. தன்னைக் காயப்படுத்துகிற பிள்ளை எல்லாம் சாக நினைக்கிற பிள்ளை இல்லை, தாங்க முடியாததைத் தாங்க அது ஒரு வழியாகிவிடுகிறது. ஆனால் அதைச் சின்ன விஷயம், நடிப்பு என்று விட்டுவிட்டால் பிறகு உயிருக்கே ஆபத்து வரலாம். மற்றது, 'சாக வேணும் போல இருக்கா' என்று நேரே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பிள்ளைக்கு ஆறுதல். முதல் தடவை அதைக் கேட்டபோது என் நாக்கு ஒட்டிக்கொண்டது. இரவு, மெசின் பக்கத்தில், அவள் பட்டன் துளை தைத்துக்கொண்டிருந்தாள். "சில நேரம் இருக்கும் சித்தி" என்றாள். பிறகு விடிய இரண்டு மணி வரை கதைத்தோம். பதினாறு வருடத்தில் அவள் என்னோடு அவ்வளவு நேரம் கதைத்தது அன்றைக்குத்தான்.

பிறகு வந்த காலத்தில் இது பற்றித் தேடித் தேடி வாசித்தேன். கனடாவில் இருக்கிற மச்சாளின் மகள் ஆங்கிலத்தில் இருந்ததைப் போனில் தமிழில் சொல்லித் தந்தாள். அமெரிக்காவில் 2021இல் பாடசாலைப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கில், தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், இருபாலீர்ப்பு உள்ளவர்கள், இன்னும் தங்களைத் தெளிவாக அறியாதவர்கள் ஆகியோரில் 100க்கு 45 பேர் அந்த ஒரு வருடத்துக்குள் சாவதைப் பற்றித் தீவிரமாக யோசித்திருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளில் 100க்கு 15. அது அமெரிக்கா, எங்களுக்கு என்ன என்று சொல்லலாம். சரி. ஆனால் 2009இல் அதே நாட்டில் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு என் வீட்டையே காட்டியது. இப்படியான பிள்ளைகளில், குடும்பத்தால் மிக மோசமாக வெறுத்து ஒதுக்கப்பட்டவர்கள், அப்படி ஒதுக்கப்படாதவர்களைவிட எட்டு மடங்குக்கு மேல் உயிரை மாய்க்க முயன்றிருக்கிறார்கள். ஒரே மாதிரியான பிள்ளைகள்தான். வித்தியாசம் வீட்டில். போன் பறித்தது, பூட்டுப் போட்டது, வேப்பிலை, முற்றத்தில் நின்று நான் கத்தினது எல்லாம் அந்த எட்டு மடங்குக்குள் இருக்கின்றன.

அந்த ஆசிரியை சொன்ன சட்டத்தையும் விசாரித்தேன். 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையில் 365அ என்ற பிரிவு. முதலில் அதில் ஆண்கள் மட்டும்தான் இருந்தார்கள். 1995இல் திருத்தும்போது 'ஆண்' என்ற இடத்தில் 'ஆள்' என்று போட்டார்கள், பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். அதை மாற்ற ஒரு எம்.பி. தனிப்படக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்மானித்தது. அந்த மாதக் கடைசியில் தொடங்கிய பரீட்சையை என் பெறாமகளும் எழுதினாள். கணிதத்துக்கு விசேட சித்தி. ரியூசன் வாத்தியார் ஒருவர் காசு வாங்காமல், ஏன் எதற்கு என்று ஒரு கேள்வியும் கேட்காமல், விட்ட பாடங்களை வீட்டுக்கு வந்து படிப்பித்தார். அவருக்கு நான் இரண்டு சேட்டுத் தைத்துக் கொடுத்தேன். வேறென்ன கொடுக்க?

எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுதினால் பொய். இன்றைக்கு அவளுக்குப் பத்தொன்பது வயது. மருந்து நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல். சில கிழமைகள் இன்னும் பயத்தோடுதான் போகின்றன. அவள் இன்னும் முழுக்கைச் சட்டைதான் கேட்கிறாள், நானும் ஒன்றும் கேட்காமல் மணிக்கட்டு மூடத் தைத்துக் கொடுக்கிறேன். வவுனியாவுக்கு அனுப்பப்பட்ட பிள்ளையைப் பற்றி மாதத்தில் ஒரு தடவையாவது கேட்பாள். அந்தப் பிள்ளையின் கையை யார் பார்த்தார்கள், யார் ஓட்டோ பிடித்தார்கள் என்று நானும் நினைப்பேன்.

இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டித்தான் அனுப்புகிறேன். ஊர்ப்பெயரையும் பாடசாலைப் பெயரையும் எடுக்கச் சொன்னது அவள். கழிப்புக் கழித்த பகுதியை நான் எடுக்கப் பார்த்தேன். "அது இருக்கட்டும் சித்தி, அதைத்தான் ஆக்கள் வாசிக்க வேணும்" என்றாள்.

ஐயா, உங்களிடம் கேட்பது இதுதான். இப்படியான பிள்ளைகளைப் பற்றிச் செய்தி வந்தால் 'தகாத', 'முறையற்ற' என்ற சொற்களைப் போடாதீர்கள். 'தன்பாலீர்ப்பு' என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. எனக்கே அது நாற்பத்தெட்டு வயதில்தான் தெரியவந்தது. ஊரையும் பாடசாலையையும் அடையாளம் காட்டாதீர்கள். வன்னியில் ஒரு ஊர் என்றால் நாலு ஒழுங்கை, யார் பிள்ளை என்று விடியமுன் தெரிந்துவிடும். ஒரு பிள்ளை தன் உயிருக்கு ஏதும் செய்துகொண்டால் எப்படிச் செய்தாள் என்று எழுதவே வேண்டாம். அந்த இடத்தில் உதவி இலக்கங்களைப் போடுங்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். 1929 சிறுவர்களுக்கான இலக்கம். 1333இலும் காசில்லாமல் ஆலோசனை கிடைக்கும்.

பாடசாலைகளில் ஆலோசனைக்கென்று இருக்கிற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை உங்களை நம்பிச் சொன்னதை ஆசிரியர் அறையிலும் அதிபரின் அறையிலும் விரிக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் வீட்டுக்குச் சொல்லத்தான் வேண்டும், அது எனக்கு விளங்குகிறது. அப்போதும் 'உன் பிள்ளை ஆபத்தில் இருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ' என்று சொல்லுங்கள். அவள் யாரை விரும்புகிறாள் என்பதை அவள் தன் வாயால் சொல்லட்டும், சொல்ல அவளுக்கு மனம் வரும்போது. வலயக் கல்வி அலுவலகங்கள் இவர்களுக்குப் பயிற்சி வைக்கும்போது மனநலப் பிரிவு டொக்டர்மாரையும் கூப்பிட்டால் நல்லது. அன்றைக்கு அந்த அறையில் ஒருவர் கதவைச் சாத்தியிருந்தாலே எங்கள் மார்கழி வேறு மாதிரிப் போயிருக்கும்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் காணாவிட்டால் சட்டம் பற்றி எழுதியதை வெட்டுங்கள், அமெரிக்கக் கணக்கையும் வெட்டுங்கள், பரவாயில்லை. மூன்று இலக்கங்களிலும் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
கண்டாவளைப் பகுதி, கிளிநொச்சி.
(பெயரைத் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம்.)